ராணுவம் எப்போது வரும், யார் சொல்லி வரும்? – வாசகர் கேள்வி பதில்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்தும் ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கமிருந்தும் உள்நாட்டுப் பாதுகாப்பு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் பயங்கரவாத எதிர்ப்புக்கும் என்றே ராணுவத்தில் தனி டிவிஷன் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? வாளையாரில் ஏதாவது நடந்தால் அது வருமா?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

இருப்பது உண்மை. வாளையாருக்கு வராது.

நீங்கள் கேள்விப்பட்டது ராஷ்டிரிய ரைபிள்ஸ். 1990-ல் தொடங்கிய படை, சுருக்கமாக ஆர்.ஆர். வேலை பெரும்பாலும் ஜம்மு காஷ்மீரில்தான். டிவிஷன் அளவிலான தலைமையகங்களை அங்கே ‘ஃபோர்ஸ்’ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜர் ஜெனரல் தலைமை. தெற்குக் காஷ்மீருக்கு விக்டர் ஃபோர்ஸ், வடக்குக் காஷ்மீருக்குக் கிலோ, தோடா பக்கம் டெல்டா, ரஜௌரி பூஞ்ச் பக்கம் ரோமியோ. உதம்பூர்ப் பக்கம் இருந்த யூனிஃபார்ம் ஃபோர்ஸ் 2020-ல் லடாக்குக்கு மாற்றப்பட்டது. சாதாரண காலாட்படைப் பட்டாலியனில் நான்கு ரைபிள் கம்பெனி என்றால் ஆர்.ஆர். பட்டாலியனில் ஆறு. டாங்கியை அடிக்கும் ஏவுகணை போன்ற கனரக ஆயுதம் அவர்களுக்கு வேண்டியதில்லை. கிராமம் கிராமமாகக் காவல் போட ஆள்தான் வேண்டும். அதற்கேற்ற அமைப்பு அது.

நம் பக்கத்துக் கதை வேறு. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்கள். மாநிலத்துக்கு உதவியாக மத்தியப் படையை அனுப்புவது மத்தியப் பட்டியலின் 2ஏ இனம். 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. ஆகவே வாளையாரில் ஏதாவது நடந்தால் முதலில் வருவது வாளையார் ஸ்டேஷன். அடுத்து மாவட்ட வெடிகுண்டுப் பிரிவு, கேரளப் போலீசின் தண்டர்போல்ட் கமாண்டோக்கள். அதற்கும் மேலே போனால் சென்னை நெடுங்குன்றத்தில் இருக்கும் என்.எஸ்.ஜி. மையம். இந்தத் தேசியப் பாதுகாப்புப் படை, அதாவது கறுப்புப் பூனைப் படை, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இல்லை, உள்துறையின் கீழ் இருக்கிறது. ஆனால் தாக்குதல் நடத்தும் 51, 52 ஆகிய இரண்டு குழுக்களின் வீரர்களும் ராணுவத்திலிருந்து வருபவர்கள். அதனால்தான் பலரும் அதை ராணுவப் படை என்றே நினைக்கிறார்கள்.

அப்படியானால் ராணுவம் நம் மாவட்டத்துக்கு வருவதே இல்லையா? வரும், கேட்டால் வரும். 2022 பிப்ரவரியில் மலம்புழா சேறாடு மலையில் பாறை இடுக்கில் சிக்கிய இளைஞரை மீட்க வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் ஆட்களும் பெங்களூரிலிருந்து பாராசூட் படையினரும் வந்தார்கள் அல்லவா? மாநில அரசு கேட்டது, ராணுவம் வந்தது, வேலையை முடித்தது, திரும்பியது. கலவரத்துக்கோ பயங்கரவாதத்துக்கோ வந்தாலும் ஒழுங்கு இதுவேதான். சிவில் நிர்வாகம் கூப்பிட வேண்டும். முடிந்ததும் அதன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இதைத் தாமதம் என்று பலர் கோபப்படுகிறார்கள். எங்கள் பார்வையில் இது பெரிய காப்பு. துப்பாக்கி தானாக முடிவெடுத்து ஊருக்குள் நடமாடும் நாடுகளின் நிலையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2013-ல் எங்கள் ஊரில் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். இரண்டு பேருக்கு அத்தனை மணி நேரம் ஏன்? ராணுவமோ கறுப்புப் பூனையோ ஏன் வரவில்லை?
*வாசகர், புத்தூர்*

2013 அக்டோபர் 5. தேடப்பட்டவர்கள் ஜன நெருக்கடியான தெருவில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தமிழ்நாட்டுச் சிறப்புப் புலனாய்வுப் போலீசுக்குத் தெரிந்தது. விடியுமுன் போனார்கள். உள்ளே நுழைய முயன்ற இன்ஸ்பெக்டர் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். பிறகு ஆந்திரப் போலீசின் ஆக்டோபஸ் படை வந்தது. பயங்கரவாத எதிர்ப்புக்கென்றே 2007-ல் உண்டாக்கிய படை அது. வீட்டிலிருந்த பெண்ணும் குழந்தைகளும் முதலில் வெளியே வந்தார்கள். கடைசியில் இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள்.

அத்தனை மணி நேரம் ஆனதில் ஒரு நிமிடமும் வீண் இல்லை. காஷ்மீரில் ஆர்.ஆர். செய்வதும் ஏறத்தாழ இதே வரிசைதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் தகவலைச் சரிபார்க்க வேண்டும். எந்த வீடு, எத்தனை வாசல், பின்பக்கம் சந்து உண்டா, மாடிக்கு மாடி தாவ முடியுமா, உள்ளே எத்தனை பேர், குழந்தை உண்டா? வேட்டை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பக்கத்து வீட்டைத் தட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது.

அடுத்து வளையம். உள் வளையம் வீட்டையொட்டி, தப்பி ஓடுபவரைத் தடுக்க. வெளி வளையம் தெருக்கோடிகளில். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தை நிறுத்தவும், வெளியிலிருந்து உதவிக்கு யாரும் வந்துவிடாமல் பார்க்கவும். இருட்டில், பேச்சில்லாமல், வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்து போடுவார்கள். நாய் குரைப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால் எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பது வரை திட்டம் இருக்கும். இதில் வரும் மோசமான தவறு, வீட்டின் இரண்டு எதிர்ப்பக்கமும் ஆளை நிறுத்துவது. இங்கிருந்து சுட்டால் அங்கே நிற்கும் சொந்த ஆளுக்குப் படும். எனவே ‘எல்’ எழுத்துபோல் இரண்டு அடுத்தடுத்த பக்கத்தில் சுடுபவர்களை நிறுத்தி, எதிர்ப்பக்கத்தை மறைவான இடத்திலிருந்து கண்காணிப்பார்கள். யார் எந்தக் கோணத்துக்குள் மட்டும் சுடலாம் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கும்.

பிறகு அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். நேரம் தின்பது இதுதான். படுத்த படுக்கையான பாட்டி, கைக்குழந்தை, கட்டிய மாடு, அடுப்பில் எரியும் காஸ், எல்லாம் பார்த்தாக வேண்டும்.

அதன் பின் ஒலிபெருக்கியில் சரணடையச் சொல்வது. வீட்டார், உறவினர், ஊர்ப் பெரியவர் யாராவது கிடைத்தால் அவர்களையே பேசவைப்பார்கள். பதில் இல்லாவிட்டால் விடியும்வரை காத்திருப்பார்கள். இருட்டில் வளையம் உடைய வாய்ப்பு அதிகம், நுழைபவனுக்குக் காயமும் அதிகம். அதற்கும் பிறகுதான் கண்ணீர்ப்புகை, கடைசியாக உள்ளே நுழைவது. உள்ளே சத்தம் அடங்கியதும் உடனே ஓடக் கூடாது. செத்ததுபோல் கிடந்து கிட்டே வந்ததும் சுட்டவர்கள் உண்டு.

எல்லாம் முடிந்தாலும் ஊர்க்காரர்களைச் சிறிது நேரத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். இடிபாட்டில் வெடிக்காத கையெறிகுண்டு இருக்கலாம். காஷ்மீரில் மோதல் முடிந்த வீட்டில் பொருள் பொறுக்கப் போன சிறுவர்கள் செத்திருக்கிறார்கள். பிடிபட்ட ஆள், ஆயுதம், காகிதம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போலீசிடம் ஒப்படைத்தால்தான் நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும். உயிரோடு பிடித்தால் விசாரணையில் அடுத்த கண்ணியைப் பிடிக்கலாம். புத்தூரில் அது கைகூடியது. பாராட்ட வேண்டிய வேலை.

ராணுவம் ஏன் வரவில்லை என்றால், வேண்டியிருக்கவில்லை. மாநிலத்தின் சொந்தப் படை பக்கத்திலேயே இருந்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது என்.எஸ்.ஜி. மானேசரில் இருந்தது, விமானம் சண்டிகரிலிருந்து வர வேண்டியிருந்தது, மும்பைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுநாள் காலை. அதன் பிறகுதான் 2009-ல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தாவில் என்.எஸ்.ஜி. மையங்கள் வந்தன. முதல் சில மணி நேரம் யார் கையில் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த நேரம் எப்போதும் உள்ளூர்ப் போலீசின் நேரம்.

என் மகன் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருக்கிறான். காஷ்மீரில் ஆர்.ஆர்.-க்கு போஸ்டிங் என்று சொன்னான். எத்தனை வருஷம்? நான் இங்கே என்ன செய்து வைக்க வேண்டும்?
*வாசகி, வேலந்தாவளம்*

அம்மா, ஆர்.ஆர்.-இல் யாரும் நேராகச் சேர்வதில்லை. ஒவ்வொரு பட்டாலியனும் ஒரு காலாட்படை ரெஜிமென்டோடு இணைந்தது. 8 ஆர்.ஆர்., 25 ஆர்.ஆர். போன்றவை மெட்ராஸ் ரெஜிமென்டோடு சேர்ந்தவை. ஆகவே உங்கள் மகனைச் சுற்றித் தமிழும் மலையாளமும் தெலுங்கும் பேசும் பையன்கள் இருப்பார்கள். பொதுவாக இரண்டு வருஷத்தையொட்டி இருக்கும், பிறகு தாய் யூனிட்டுக்குத் திரும்புவான். போனதும் நேராக ரோந்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள். க்ரூவிலோ சரோலிலோ உள்ள கோர் பேட்டில் ஸ்கூலில் பயிற்சி முடித்த பின்தான் யூனிட். குளிருக்கான உடுப்பைப் படையே கொடுக்கும்.

போன் விஷயம்: ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் எடுக்காது. புறப்படும் முன்னே போஸ்ட்பெய்டாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றாமல் போய், போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் வீட்டில் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. மாற்றிய பிறகும் சில நாள் லைன் கிடைக்காது. ஆபரேஷனில் இருந்தால் போனை விட்டுவிட்டுத்தான் போவான். அழைப்பு வரவில்லை என்பதற்குக் கெட்ட செய்தி என்று பொருளில்லை.

கடிதம், பார்சலில் படை எண், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், 9-ல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்). இதோடு நிறுத்துங்கள். ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. தீப்பெட்டி, லைட்டர், எண்ணெய் டின் பார்சலில் வேண்டாம். எந்த ரயில், என்று புறப்படுகிறான் என்று வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். ‘ரெக்கார்ட்ஸ் ஆபீசிலிருந்து பேசுகிறோம், பையன் இப்போது எங்கே’ என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அது தெரியும்.

இனி காகிதம். எல்லைத் தமிழ்க் குடும்பங்கள் சறுக்குவது இதில்தான், கவனமாகப் படியுங்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுக்க, ரேஷன் கார்டில் மலையாள எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வேறொரு ஸ்பெல்லிங் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். உங்கள் பெயருக்கும் அப்படியே. நாளை பென்ஷனோ காப்பீடோ எடுக்கப் போகும்போது ‘இவர் அவர்தானா’ என்ற கேள்வியில் மாதக்கணக்கில் இழுக்கும். இப்போதே உங்கள் ஆதார், வங்கிப் பாஸ்புக், அவனுடைய சர்வீஸ் ஆவணத்தில் உள்ள உங்கள் பெயர், பிறந்த தேதி மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அவன் யூனிட்டில் சொல்லி பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) போட்டுத் திருத்த வேண்டும். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாவற்றுக்கும் பார்ட் டூ ஆர்டர் உண்டு. அது போடாமல் விட்டால் படையின் கணக்கில் மருமகளே கிடையாது. ராணுவக் குழுக் காப்பீட்டின் நாமினி யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலை பீரோவில் வையுங்கள். சந்தேகமென்றால் பாலக்காடு மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் கேட்கலாம். தமிழில் எழுதிய பேப்பராக இருந்தால் மொழிபெயர்ப்பு நகலோடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ராணுவத்துக்கு யாரையும் சுடும் அதிகாரம் உண்டு என்கிறார்களே?
*கல்லூரி மாணவி, நகரி*

இல்லை. ‘ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம்’ 1958-லும், ஜம்மு காஷ்மீருக்கென 1990-லும் வந்தது. கலவரப் பகுதி என்று அறிவித்த இடத்தில் மட்டும் செல்லும். அங்கேயும் எச்சரித்த பிறகே சுடலாம். பிடித்தவரைத் தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 1997-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்று ஏற்றபோது, ராணுவத்தின் ‘செய்க, செய்யாதே’ பட்டியல் படையைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. ஆனால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் படையினர்மீது வழக்கு நடத்த முடியாது. அந்த அனுமதி கிடைப்பது அரிது என்ற மக்களின் குறை நியாயமானது, அதை மறைப்பதற்கில்லை.

நகரியிலோ பாலக்காட்டிலோ அந்தச் சட்டமே இல்லை. இங்கே கூட்டத்தைக் கலைக்க ராணுவம் வந்தால் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 149, 150-ஆம் பிரிவுகள். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 130, 131. பொதுவாக மாஜிஸ்திரேட் கூட நிற்பார். உள்ளூர் மொழியில் எழுதிய பதாகை, பியூகிள், ஒலிபெருக்கி கொண்டு வருவார்கள். கடைசிக் கட்டத்தில் பெயர் சொல்லி ஒரு சிப்பாயை அழைத்து, இத்தனை ரவுண்டு என்று சொல்லி, இடுப்புக்குக் கீழே சுடச் சொல்வார்கள். வானத்தை நோக்கிச் சுடுவது தடை, எங்கோ மாடியில் நிற்கும் குழந்தைமேல் விழும். சுட்ட தோட்டாவின் காலி உறை ஒவ்வொன்றையும் எண்ணிப் பொறுக்கி எடுப்பார்கள்.

பதான்கோட்டில் உயிர் கொடுத்த நிரஞ்சன் எங்கள் மாவட்டத்துக்காரர். செத்துக் கிடந்தவனின் உடலில் என்ன ஆபத்து?
*வாசகர், மண்ணார்க்காடு*

லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், மண்ணார்க்காட்டை அடுத்த எளம்புலாசேரிக் குடும்பம். மெட்ராஸ் பொறியாளர் குழுவிலிருந்து என்.எஸ்.ஜி.யின் வெடிகுண்டுப் பிரிவுக்குப் போனவர். 2016 ஜனவரி 3 அன்று, பதான்கோட் விமானத் தளத்தில் கொல்லப்பட்ட ஒரு தீவிரவாதியின் உடலைச் சோதித்தபோது குண்டு வெடித்து இறந்தார். சௌர்ய சக்கரம் அளித்தார்கள்.

உடம்பில் கட்டிய வெடி, பாதுகாப்பு ஊசியைப் பாதி பிடுங்கிய கையெறிகுண்டு, உடலைப் புரட்டினால் விடுபடும் குண்டின் பிடி (லீவர்), இவை ஒவ்வொன்றும் ஆளைக் கொல்லும். எனவே உடலைக் கையால் தொடும் முன் கொக்கியும் நீளக் கயிறும் போட்டு, மறைவிலிருந்து இழுத்துப் புரட்டுவது பொது நடைமுறை. முடிந்தால் ரோபோ வண்டியை அனுப்புவார்கள். குண்டு தாங்கும் உடை எடை மிகுந்தது. அதைப் போட்டுக்கொண்டு விரல் நுனி வேலை செய்வது கடினம். அப்படியே போட்டிருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் வெடிப்பதற்கு முழுக் காப்பு கிடையாது. இதெல்லாம் தெரிந்தே அந்த வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். நம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

பஸ்ஸில் ஆளில்லாத பை கிடந்தால் என்ன செய்வது? தோட்டத்தில் அவுட்டுக்காய் கிடைத்தால்?
*பஸ் கண்டக்டர் ஒருவரும், எருத்தேம்பதி விவசாயி ஒருவரும்*

பையைத் தொடாதீர்கள், தள்ளாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். யாருடையது என்று ஒருமுறை உரக்கக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை ஓரம் கட்டி எல்லாரையும் இறக்குங்கள். அந்தப் பை இருக்கும் பக்கத்து வாசலை விடுத்து அடுத்த வாசல் வழியாக. கைப்பைக்குக் குறைந்தது 100 மீட்டர், பெரிய பெட்டி அல்லது காருக்கு 200, லாரிக்கு 400 மீட்டர் விலக வேண்டும். கண்ணாடி முகப்புக் கடையின் முன் கூட்டத்தை நிறுத்தாதீர்கள், வெடித்தால் கண்ணாடிதான் அதிகம் பேரைக் கிழிக்கும். ஒதுங்கும் இடத்திலும் வேறு பை கிடக்கிறதா பாருங்கள். பைக்கு 15 மீட்டருக்குள் செல்போன் பேச வேண்டாம். விலகிப் போய் 112 அடியுங்கள்.

எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. கோபாலபுரத்தில் நின்று பேசினாலும் உங்கள் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருக்கலாம். அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வாய்ப்புண்டு. எனவே எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து, பக்கத்து அடையாளம், பிறகு விஷயம் என்ற வரிசையில் சொல்லுங்கள். பக்கத்து ஸ்டேஷனின் நேரடி எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள்.

அவுட்டுக்காய் பற்றி: காட்டுப்பன்றிக்கு என்று தீனிக்குள் மறைத்து வைக்கும் அந்த வெடி அழுத்தினாலே வெடிக்கும். மேயும் மாடு கடித்தால் தாடை போய்விடும். 2020 மே மாதம் நம் மாவட்டத்தில் கருவுற்ற யானை செத்தது இப்படி வெடியைக் கடித்துத்தான். கண்டால் குச்சியால் கிளறாதீர்கள், வாளித் தண்ணீரில் போடாதீர்கள், எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகவும் வேண்டாம். நாலு பக்கமும் எட்ட ஒரு கொடியோ துணியோ கட்டி, மாட்டையும் பிள்ளைகளையும் தடுத்துவிட்டு, போலீசுக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். குவாரிப் பக்கம் கிடக்கும் ஜெலட்டின் வெடிக் குச்சிக்கும், அதை வெடிக்க வைக்கும் கேப்புக்கும் (டெட்டனேட்டர்) இதுவேதான். சின்னக் கேப்பு என்று பிள்ளைகள் எடுத்து விளையாடி விரல் இழக்கிறார்கள்.

நான் தமிழன், வீடு கேரளாவில். கோயமுத்தூர் ஆள்சேர்ப்புக்குப் போகலாமா?
*இளைஞர், வடகரப்பதி*

தம்பி, மொழியைப் பார்ப்பதில்லை, இருப்பிடச் சான்றைத்தான் பார்ப்பார்கள். பாலக்காடு மாவட்டத்துக்குக் கோழிக்கோடு ஆள்சேர்ப்பு அலுவலகம். ஆந்திரச் சித்தூர் பக்கத்துக்குக் குண்டூர். மாற்றி விண்ணப்பித்தால் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகும் காகிதம் பார்க்கும் இடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆன்லைன் தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். ஓட்டம் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண். பத்து புல்-அப்புக்கு 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதற்கும் வளைந்த கட்டைமேல் நடப்பதற்கும் மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். தார்ரோட்டில் மட்டும் ஓடிப் பழகாதே, முழங்கால் மூட்டில் வலி வந்தால் தேர்வு நாளில் படுக்க வைத்துவிடும். வாரத்தில் பாதி நாள் மண் தரையில் ஓடு. பச்சை குத்தியிருந்தால் அறிவிப்பில் உள்ள விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்.